சோயாவின் புரதம், எண்ணெய், வயது: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018-ல் படைப்புழு நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்துக்கு மருந்துச் செலவு ஏறியதிலிருந்து, உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கத்து விவசாயிகள் என்னிடம் சோயாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். நாமக்கல் பண்ணைக்காரர்கள் கேட்பது வேறு: புண்ணாக்கில் புரதம் ஏன் லோடுக்கு லோடு மாறுகிறது? வேளாண் படிப்புப் பிள்ளைகளுக்கு ஈ1, ஈ2 என்று எண் போட்ட ஜீன்கள் குழப்புகின்றன. மூன்று தரப்பும் கேட்பது கடைசியில் ஒரே விஷயத்தில்தான், சோயாவின் ஜீன்களில்தான், போய் முட்டுகிறது என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் பேச்சிலேயே இருக்கின்றன.

ஏனுங்க, சோயாக் கொட்டைக்குள்ள அப்படி என்னதானுங்க இருக்குது?

காய்ந்த விதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதம், 20 பங்கு எண்ணெய். மீதி சர்க்கரை, நார், தாதுச் சத்து. துவரை, உளுந்தில் புரதம் 20 முதல் 25 வரைதான், எண்ணெய் பெயருக்குத்தான். நிலக்கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய், புரதம் கால் பங்கு. சோயா பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் எண்ணெயைப் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் புரதம் 44 முதல் 48 வரை நிற்கிறது. மீல் மேக்கரும் அந்த எண்ணெய் நீக்கிய மாவுதான்.

எண்ணெயிலும் ஐந்து வகைக் கொழுப்பு அமிலங்கள் உண்டு. பாதிக்குச் சற்று மேல் லினோலிக், கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஒலிக், 10 சதவீதம் அளவு பால்மிடிக், 7 அல்லது 8 சதவீதம் லினோலெனிக், 4 சதவீதம் ஸ்டியரிக். இந்தப் பங்கீடு பின்னால் வேண்டியிருக்கும்.

மண்ணும் உரமும்தானுங்களே காயை நிரப்புது? அதுல ஜீனுக்கு என்ன வேலை?

மண், தண்ணீர், வெயில் கொடுப்பது சரக்கு. அந்தச் சரக்கை எதாக மாற்றுவது, எப்போது மாற்றத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஜீன் சொல்கிறபடி. சோயாவில் 20 ஜோடி குரோமோசோம். வில்லியம்ஸ் 82 என்ற அமெரிக்க ரகத்தின் மரபணுத் தொகுப்பை 2010-ல் முழுதாகப் படித்து வெளியிட்டபோது ஏறத்தாழ 46,000 ஜீன்கள் எண்ணப்பட்டன. சோயாவின் முன்னோர்களுக்கு மரபணுத் தொகுப்பு முழுவதும் இருமுறை இரட்டிப்பானது, சுமார் 5.9 கோடி ஆண்டுக்கு முன்பும் 1.3 கோடி ஆண்டுக்கு முன்பும். அதனால் நான்கில் மூன்று ஜீன்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி உண்டு. ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

புரதத்தையும் எண்ணெயையும் ஒற்றை ஜீன் முடிவு செய்வதில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளும் சிறு ஜீன்கள் நிறைய இருக்கின்றன. பெரிதாகத் தள்ளுபவை சில: 20-ஆம் குரோமோசோமில் ஒன்று, 15-இல் ஒன்று என்று. அவை அடுத்த பதிலில்.

புரதமும் கூடோணும், எண்ணெயும் கூடோணும். அப்படி ஒரு ரகம் குடுக்க முடியாதுங்களா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், ஆசையும் நியாயமானதுதான். ஆனால் இரண்டும் ஒரே சரக்கிலிருந்து வர வேண்டும். இலை செய்யும் சர்க்கரைதான் மூலதனம். ஒரு கிராம் மாவுச்சத்து செய்யச் செடி ஒன்றேகால் கிராம் சர்க்கரைகூடச் செலவழிப்பதில்லை. புரதத்துக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம், எண்ணெய்க்கு 3 கிராம் வேண்டும். மக்காச்சோளம் ஏக்கருக்குக் கொட்டுகிற அளவுக்கு சோயா கொட்டாததற்கு முக்கியமான காரணம் இந்தக் கணக்கு. ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு வாய்க்காலில் விடுகிற நிலைமை. ஒன்றில் மடையைத் திறந்தால் மற்றதில் குறையும். உலகம் முழுக்க எடுத்த அளவைகளிலும் புரதம் ஏறினால் எண்ணெய் இறங்குவதுதான் பொதுப்போக்கு, பல சமயம் மகசூலும் கூடவே இறங்கும்.

20-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜீன் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சீனப் பக்கத்தில் யாரும் பயிரிடாமல் தானாக முளைக்கும் காட்டுச் சோயாவின் விதை சிறியது, கறுப்பு, புரதம் அதிகம், எண்ணெய் குறைவு. அதில் இந்த ஜீன் முழுதாக இருக்கிறது. நாம் பயிரிடும் சோயாவில் பெரும்பாலும் இதே ஜீனுக்குள் வேறொரு மரபணுத் துண்டு குதித்து வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அந்தச் செருகலால் விதை பெருத்தது, எண்ணெய் கூடியது, புரதம் இறங்கியது. பெரிய விதையாகப் பார்த்துப் பொறுக்கிய பழைய காலத்து உழவர்கள், ஜீன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இந்தச் செருகலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 15-ஆம் குரோமோசோமில் இருப்பது சர்க்கரையை விதைக்குள் கடத்தும் ஸ்வீட் வகை ஜீன். அதன் பயிர் வடிவமும் விதையையும் எண்ணெயையும் கூட்டிப் புரதத்தைக் குறைக்கிறது.

ஆக, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இரண்டும் உச்சத்தில், மகசூலும் உச்சத்தில் என்று யாராவது விதை விற்றால் நம்ப வேண்டாம்.

இந்தூர்ப் பக்கம் நூறு நாள் ரகம்னாங்க. இங்க போட்டா முழங்கால் உசரத்துலயே பூத்து, சீக்கிரமே பழுத்துப் போச்சு. வெதை மோசமுங்களா?

விதையில் குற்றமில்லை, பகல் நீளம்தான் காரணம். சோயா குறும்பகல் பயிர். பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும் கட்டளை கிடைக்கும். பகல் நீளம் பூப்பதை ஆள்கிறது என்ற உண்மையை கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1920-ல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த பயிர்களில் புகையிலையோடு பிலாக்சி என்ற சோயா ரகமும் இருந்தது. தள்ளித் தள்ளி விதைத்தும் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சந்தேகமே வந்தது.

இப்போது ஊர்க் கணக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்து இந்தூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 23 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதிமூன்றரை மணி நேரம். கோயம்புத்தூர் 11 பாகையில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடம்தான், மார்கழியில் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறையும். அங்கே ஜூன் கடைசியில் விதைத்தால், பகல் குறையக் குறையச் செடி வளர்ந்து கிளைத்து அப்புறம் பூக்கிறது. இங்கே முளைத்த நாளிலிருந்தே செடிக்குக் கிடைப்பது குறும்பகல். அந்த ரகத்தின் ஜீன்கள் அதைப் பூக்கும் காலம் என்று படித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். கணு குறைவு, காய் குறைவு, மகசூல் குறைவு.

விதைப் பையில் அச்சிட்ட வயது, அதாவது விதைத்ததிலிருந்து அறுவடை வரையிலான நாட்கள், அந்த ஊர்ப் பகலுக்கும் அந்த ஊர் வெக்கைக்கும் சொன்ன வயது. 11 பாகையில் அது அப்படியே செல்லாது. இங்கே எழுதியதில் மற்ற எதையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதனால் ஒரு பட்டமே கைவிட்டுப் போகிறது.

இந்த ஈ1, ஈ2, ஈ3னு பாடத்துல வருதே, அதையெல்லாம் எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறது?

எண் வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம், வேலை வரிசையில் படியுங்கள். முதலில் பார்க்கிறவர்கள்: ஈ3, ஈ4. இரண்டும் ஃபைட்டோகுரோம் ஏ வகைப் புரதத்தைச் செய்யும் ஜீன்கள்; செடியின் கண் என்று கொள்ளலாம். பகல் நீளமாக இருப்பதை உணர்ந்து ஈ1-ஐ முடுக்கிவிடுவது இவை. 6-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஈ1-தான் நடுவில் உள்ள பெரிய தடை. அது வேலை செய்யும்வரை எஃப்டி என்ற பூக்கும் கட்டளை இலையில் உருவாகாது. பகல் குறைந்ததும் ஈ1 அடங்கும், எஃப்டி ஜீன்கள் எழும், அந்தக் கட்டளை குருத்துக்குப் போய் மொட்டு வரும். ஈ2 செடியின் உள்கடிகாரத்தைச் சேர்ந்தது, ஜைஜான்டியா குடும்பம். அதுவும் பூப்பதைத் தள்ளிப்போடும்.

பொதுவாக, இந்த நான்கிலும் வேலை செய்யும் வடிவம் இருந்தால் வயது கூடும், பழுதான வடிவம் இருந்தால் வயது குறையும். கனடா, வட சீனம், ஹொக்கைடோ போன்ற நெடும்பகல் ஊர்களுக்குப் போன சோயாக்களில் இவற்றில் பல பழுதானவை. அதனால்தான் பனி விழுவதற்குள் அங்கே அறுவடை முடிகிறது. எத்தனை பழுது, எதில் பழுது என்ற சேர்க்கைதான் ஒரு ரகத்துக்கு ஊர் குறிக்கிறது.

பிரேசிலும் நம்மளாட்ட வெக்கையான ஊர்தானுங்க. அங்க மட்டும் எப்படிங்க அவ்வளவு சோயா?

சரியான இடத்தில் கை வைத்த கேள்வி. பிரேசிலின் தென்கோடியில் மட்டும் விளைந்த சோயாவை நிலநடுக்கோட்டுப் பக்கத்துப் புல்வெளிகளுக்குக் கொண்டுபோக ஒரு ஜீன் வழிவிட்டது. அதன் பெயர் ஜே. முன் பதிலில் சொன்ன ஈ1-ஐக் குறும்பகலில் அடக்குவதே ஜே-யின் வேலை. ஜே பழுதானால் குறும்பகலிலும் ஈ1 கொஞ்சம் விழித்திருக்கும். செடி உடனே பூக்காமல் உடம்பை வளர்த்துக்கொள்ளும். இதை நீண்ட இளமைப் பண்பு என்கிறார்கள். 1970-களிலேயே இந்தப் பண்பைக் கண்டு கலப்பில் பயன்படுத்தினார்கள். அதற்குப் பின்னால் எந்த ஜீன் என்பது 2017-ல் தெளிவானது.

நமக்கும் வேண்டியது இதே பண்புதான். 11 பாகைக்கு ரகம் செய்கிறவர்கள் வடக்கத்தி ரகத்தின் நோய் எதிர்ப்பையோ விதைத் தரத்தையோ எடுத்துக்கொண்டு, பூக்கும் காலத்தை மட்டும் நம் பகலுக்குத் திருத்த வேண்டியிருக்கிறது.

கோழிக் கொட்டகைக்குப் பக்கத்துல இருக்கற வரிசை மட்டும் பழுக்காம பச்சையாவே நிக்குதுங்க. உரம் கூடிப் போச்சுங்களா?

கோழி எருவால் தழைச்சத்து கூடியிருக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதலில் விளக்கைப் பாருங்கள். முட்டைக்கோழிக் கொட்டகையில் நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வைப்பது வழக்கம். அந்த வெளிச்சம் ஓரத்து வரிசைகளில் விழுந்தால் அந்தச் செடிகளுக்கு இரவே குறைந்துபோகிறது. ஈ3, ஈ4 பகல் நீளம் என்று கணக்குச் சொல்ல, ஈ1 அடங்காமல் நிற்கும். தெருவிளக்கை ஒட்டிய சோயா மட்டும் அறுவடை நேரத்திலும் பசுமையாக நிற்பதை உலகெங்கும் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்து மூன்று நான்கு வரிசைகளைத் தனியாக அறுங்கள். பச்சைக் காய் கலந்தால் மொத்தக் குவியலின் ஈரமும் ஏறும்.

சீக்கிரம் விளையற ரகத்துல புரதம் கம்மிங்களா?

வயதுக்கும் புரதத்துக்கும் நேரடி முடிச்சு இல்லை. ஆனால் வயது ஜீன், காய் முற்றும் நாட்கள் எந்தத் தட்பவெப்பத்தில் வரவேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அந்த வழியாக விதையின் சேர்மானத்திலும் கை வைக்கிறது. அமெரிக்காவில் குளிர்ந்த வட மாநிலங்களின் சோயாவில் தெற்கத்தியதைவிடப் புரதம் சற்றுக் குறைவாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம்.

ஆடிப்பட்டத்து எண்ணெயும் மாசிப்பட்டத்து எண்ணெயும் ஒண்ணுதானுங்களா?

அளவில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும் பங்கீடு மாறும். காய் நிரம்பும்போது வெக்கை கூடினால் ஒலிக் கூடும், லினோலிக்கும் லினோலெனிக்கும் குறையும். காரணம் எஃப்ஏடி2 என்ற ஜீன் செய்யும் நொதி. ஒலிக்கை லினோலிக்காக மாற்றுவது அதுதான். விதையில் வேலை செய்யும் அதன் பிரதிகளில் ஒன்று சூட்டில் நிலைக்காது. மாசியில் விதைத்துச் சித்திரை வெயிலில் காய் முற்றினால் அந்த நொதி தளர்ந்து ஒலிக் மிஞ்சும். இந்த எஃப்ஏடி2-ஐ மறக்க வேண்டாம், இரண்டு கேள்வி தாண்டி மறுபடி வரும்.

எங்களுக்கு வேண்டியது கோழிக்கு ஒத்துப்போற புரதமுங்க. வெறும் 46 சதவீதம்னு சீட்டுல இருந்தா போதுமுங்களா?

போதாது. சீட்டில் வருவது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. எந்தப் புரதம் என்பதை அது சொல்லாது. சோயாவின் சேமிப்புப் புரதத்தில் இரண்டு பெரும் கூட்டங்கள்: 7எஸ், 11எஸ். கந்தகமுள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனின், சிஸ்டின் 11எஸ்-இல் அதிகம், 7எஸ்-இல் குறைவு. இரண்டின் விகிதத்தையும் ஜீன்தான் வைக்கிறது. மொத்தத்தில் சோயாவில் மெத்தியோனின் பற்றாது. அதனால்தான் தீவன மில்லில் அதை வாங்கிச் சேர்க்கிறோம்.

அடுத்தது டிரிப்சின் தடுப்பான். பச்சைச் சோயாவைக் கோழி தின்றால் குடலில் புரதம் செரிக்காமல் தடுப்பது இது. இதில் பெரிய பங்கு குனிட்ஸ் வகைத் தடுப்பானுக்கு. சூடு காட்டினால் அடங்கும். சூடு பற்றாமல் போனதா என்று பார்க்கத்தான் யூரியேஸ் சோதனை. சூடு மிஞ்சினால் லைசின் கெடும், அதைக் கார நீரில் புரதம் கரையும் அளவு காட்டிக்கொடுக்கும். இந்த குனிட்ஸ் ஜீன் பழுதான இயற்கை வடிவத்தைக் கலப்பின் மூலம் கொண்டுவந்து இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனம் என்ஆர்சி 127 ரகத்தை வெளியிட்டது. என்ஆர்சி 142-இல் அதோடு பச்சை வாடைக்குக் காரணமான லிபாக்சிஜனேஸ் 2 என்ற நொதியும் இல்லை. சோயாப்பால், டோஃபு செய்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

பாஸ்பரஸையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். விதையில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது, கோழியால் அதைத் திறக்க முடியாது. தீவனத்தில் பைட்டேஸ் என்ற நொதியைச் சேர்ப்பது அதைத் திறப்பதற்காகத்தான்.

அப்ப அந்த என்ஆர்சி 127-ஐ வறுக்காம நேரடியா அரைச்சுப் போடலாமுங்களா?

கூடாது. குனிட்ஸ் போனாலும் போமன்-பிர்க் என்ற இன்னொரு தடுப்பான் இருக்கிறது, செரிமானத்தைக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதமும் இருக்கிறது. சூடு குறைவாகப் போதும் என்பதுதான் லாபம்.

ஒலிக் கூடுன சோயா எண்ணெய்ங்கறாங்களே, அது எப்படிங்க வருது?

எஃப்ஏடி2-இன் விதைப் பிரதிகள் இரண்டு: 10-ஆம் குரோமோசோமில் ஒன்று, 20-இல் ஒன்று. முன்பே சொன்ன இரட்டிப்பின் விளைவு இது. ஒன்றை மட்டும் பழுதாக்கினால் ஒலிக் ஓரளவு ஏறும். இரண்டும் பழுதானால் ஒலிக் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குப் போகிறது. எஃப்ஏடி3 ஜீன்கள் லினோலிக்கை லினோலெனிக்காக மாற்றுபவை. அவற்றையும் அடக்கினால் எண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் வராது, வறுப்புச் சட்டியில் நீண்ட நேரம் தாங்கும்.

இதற்கு அயல் ஜீன் புகுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. இயற்கையாகப் பழுதான பிரதிகளைக் கலந்தும் செய்யலாம். இந்தூரில் வந்த என்ஆர்சி 147-இல் ஒலிக் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் மரபணுத் திருத்தம் மூலம் இரண்டு பிரதிகளையும் வெட்டிச் செய்த சோயா எண்ணெய் 2019-ல் விற்பனைக்கு வந்தது.

அப்ப நாம பயிர் பண்றதும் மரபணு மாத்துனதுதானுங்களா?

இல்லை. இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி கிடையாது. மேலே சொன்ன என்ஆர்சி ரகங்கள் கலப்பும் தேர்வும் செய்து வந்தவை. எந்தக் கன்றில் வேண்டிய ஜீன் வடிவம் இருக்கிறது என்று பார்க்க டிஎன்ஏ சோதனை உதவுகிறது, அவ்வளவுதான். புண்ணாக்கு கதை வேறு. 2021-ல் தீவன விலை எகிறியபோது மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. பண்ணைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பையில 40 சதவீதம் புரதம்னு போட்டிருந்துச்சு. நம்ம காட்டு வெதையைச் சோதிச்சா 36-தான். ஏமாத்திட்டாங்களா?

அப்படி முடிவுகட்டும் முன் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், சோயாவுக்கு அதில் பெரும்பங்கு வேர் முடிச்சிலிருந்து வருகிறது. அந்த முடிச்சைப் போடும் பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்ற பாக்டீரியா, சோயாவே போட்டிராத காட்டில் போதுமான அளவு இருக்காது. தட்டைப்பயறுக்கும் கடலைக்கும் முடிச்சுப் போடுகிற நம் மண்ணின் பாக்டீரியா எல்லா சோயாவுக்கும் ஒத்துழைக்காது. முடிச்சு போடாத வகைச் சோயாவில் விதைப் புரதம் இறங்குவது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஜீன் உச்சத்தைச் சொல்கிறது, அந்த உச்சத்துக்குச் செடி போகிறதா என்பது முடிச்சிலும், காய் நிரம்பும்போது கிடைக்கிற தண்ணீரிலும் இருக்கிறது.

முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த முறை விதைக்குச் சரியான ரைசோபியம் கலந்து போடுங்கள்.

வெதையை நாமளே எடுத்து வெச்சுக்கலாமுங்களா? பக்கத்துக் காட்டு ரகம் கலந்துடாதுங்களா?

கலப்பு பயமில்லை. சோயா தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர். பூ விரியும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. அயல் கலப்பு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. பயப்பட வேண்டியது முளைப்புக்கு. எண்ணெய் மிகுந்த, தோல் மெல்லிய விதை நம் வெக்கையில் சீக்கிரம் உயிர் இழக்கும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம் என்று வைத்திருப்பதே இதன் பலவீனத்தைப் பார்த்துத்தான். சிறிய, கறுப்பு விதை ரகங்கள் கூடுதல் நாள் தாங்கும். கதிரடிக்கும் இயந்திரத்தை வேகமாக ஓட்டித் தோலைக் கீறிவிடாதீர்கள். விதைக்கு எடுப்பதைக் கையால் தட்டி எடுப்பது நல்லது.

சரிங்க, எந்த ரகம் போடட்டும்? அதை மட்டும் சொல்லுங்க.

வாங்குகிறவர் யார் என்று முதலில் பேசிவிடுங்கள். மக்காச்சோளத்துக்கு இருக்கிற மாதிரி ஊருக்கு ஊர் வியாபாரி சோயாவுக்கு இங்கே இல்லை. அப்புறம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, கோ 3 வரிசையிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பகலில் பார்த்துத் தேர்ந்தவை என்பதுதான் காரணம்.

வடக்கத்தி ரகத்தின் மேல் ஆசை இருந்தால் முழுக் காட்டிலும் போடாமல் ஓர் ஓரத்தில் சில வரிசை போடுங்கள், ஆடியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை. பாதிச் செடிகள் பூத்த தேதி, அன்றைய செடி உயரம், காய் பழுத்த தேதி, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். வடக்கே வரிசைக்கு வரிசை 45 செ.மீ. விடுவார்கள். இங்கே செடி குட்டையாக நிற்பதால் 30 செ.மீ., செடிக்குச் செடி 5 செ.மீ. என்று நெருக்கிப் போட்டால்தான் நிலம் மூடும். அறுத்த விதையில் கால் கிலோ எடுத்துத் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் புரதமும் எண்ணெயும் பார்த்து, அந்தச் சீட்டோடு அடுத்த பட்டத்துக்கு முன்னால் வாங்குகிறவரிடம் விலை பேசுங்கள்.